நான்காவது பிளக்

பெரிய மழைக்கு முன்பு எங்கள் மலையில் காற்று சட்டென்று நின்றுவிடும். மிளகுக் கொடிகூட அசையாது. அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில் எங்கள் பழைய காரின் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே குனிந்திருந்தேன்.

மறுநாள் காலை என் மனைவியை நாமக்கல்லில் இதய மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஒரு வாரமாகப் படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. போனில் எல்லாவற்றையும் கேட்ட மருத்துவர், அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார். மருத்துவர்கள் சுருக்கமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பஸ் இருக்கிறது. ஆனால் நெரிசலில் எழுபது வளைவுகளை அவள் தாங்க மாட்டாள். காரோ ஏற்றத்தில் இருமியது, சமதளத்தில் இருமுறை நின்றும் போனது. இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஸ்பார்க் பிளக்குகள் காலாவதியாகிவிட்டன என்று நானே கண்டுபிடித்து, நானே புதியவற்றை வாங்கி வைத்திருந்தேன்.

சேந்தமங்கலத்தில் இருக்கும் என் மைத்துனர் முந்தின நாளே ஏற்பாட்டைச் சொல்லியிருந்தார். "பிளக்க மாத்திட்டு சோளக்காட்டு ஏத்தத்துல ஒருக்கா ஓட்டிப் பாருங்க மாமா. மலையேறுச்சுன்னா நீங்களே அக்காவக் கூட்டியாந்துருங்க, நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். ஏறலீன்னா ஒரு போன் போடுங்க, விடியறதுக்குள்ள மேல வந்தர்றேன்."

எப்படியும் நீயே வந்துவிடு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பணிக்காலம் முழுவதும் அடுத்தவர்களுக்கு விதிமுறை எடுத்துச் சொன்னவன், நான்கு பிளக் கழற்றத் தெரியாதவன் என்று மாமனார் வீட்டில் பெயர் வாங்க மனம் வரவில்லை.

நடைமுறை எனக்கு மனப்பாடம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக் குழிகளில் கிடக்கும் மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்ற வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். ஸ்பேனரை நேராக நிறுத்தி, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்த வேண்டும். அவசரப்படுகிறவன்தான் மரையைக் கெடுப்பான். மூன்று பிளக்குகள் முனகிக்கொண்டே வெளியே வந்தன. புதியவற்றைக் கையாலேயே திருகி ஏற்றினேன். நான்காவது அசையவில்லை.

எண்ணெய் ஊற்றினேன். காத்திருந்தேன். மேகம் முற்றத்துக்கே இறங்கி வந்துவிட்டது. வீட்டுக்குள் அவள் மூச்சு விடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. இழுப்பது தனியாக, விடுவது தனியாக. அடுத்த முறை ஸ்பேனரைத் திருப்பியபோது பிளக் ஒரு நூல் அளவு நகர்ந்து, கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு அவள் வாசலுக்கு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, மூணு புதுசு போதாதுங்களா? அதை அப்படியே உட்டுருங்க."

ஒன்று பழையதாக இருந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் பின்தங்கும் என்று விளக்கினேன். நான் சொன்னது சரிதான். கொஞ்சம் இறுக்கினேன், கொஞ்சம் தளர்த்தினேன். திடீரென்று கை லேசாகிவிட்டது. ஸ்பேனரில் வெள்ளைப் பீங்கானும் அறுகோணத் தலையும் வந்திருந்தன. மரையுள்ள பாகம் முறிந்து இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டது. இனி அந்தக் காரைத் தள்ளத்தான் முடியும்.

எங்கள் தோட்டத்தில் பலா மரத்தடியில் மட்டும்தான் சிக்னல் வரும். முதல் தூறல் விழும்போது அங்கே நின்று மைத்துனரை அழைத்தேன். என்னாச்சுங்க மாமா என்றார். வெறுமனே உடைந்துவிட்டது என்று சொல்ல நாக்கு கூசியது.

"காரு மலையேறிருச்சு மாப்ள."

"அப்படிங்களா, ரொம்ப நல்லதுங்க மாமா. காலைல பாக்கலாங்க."

என் கிண்டலுக்கு எதிர்க்கிண்டல் என்று நினைத்தேன். எங்களுக்குள் பேச்சு எப்போதும் அப்படித்தான். கை துடைத்துக்கொண்டு உள்ளே போய், தம்பி விடிவதற்குள் வந்துவிடுவான் என்று அவளிடம் சொன்னேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன்.

"வெளக்கு மலையேறிருச்சுன்னா அணைஞ்சுதுன்னு அர்த்தமுங்க. காரு மலையேறிருச்சுன்னா என்னங்க அர்த்தம்?"

மறுபடி பலா மரத்தடிக்கு ஓடினேன். அதற்குள் மழை கொட்டத் தொடங்கி, மின்சாரம் போயிருந்தது. டவரும் போயிருந்தது. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றேன். ஒரு கோடுகூட வரவில்லை.

விடிந்தது. டவர் அப்போதும் வரவில்லை. மூடுபனிக்குள் இரண்டு வண்டிகளின் ஓசை கேட்டது. இரண்டும் எங்கள் பாதைக்குத் திரும்பவில்லை. அவள் புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நிறமில்லை. பஸ்ஸுக்கே போய்விடலாம் என்று அவள்தான் சொன்னாள். ரோட்டுக்கு நடக்கும் சிறிய தூரத்தில் பலமுறை நின்றோம்.

ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். வளைவுகளில் அவள் தலை என் தோளில் மோதி மோதி விலகியது. முதலில் கம்பியைப் பிடித்திருந்தாள், பாதிக்குமேல் அதையும் விட்டுவிட்டாள். பேச வேண்டாம் என்று கையால் சைகை காட்டினாள். நான் பேசிக்கொண்டிருக்கவில்லை.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மைத்துனர் தன் காருக்கு வெளியே நின்று, மலை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்குவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"காரு எங்கீங்க மாமா? மலையேறிருச்சுன்னீங்களே?"

"அணைஞ்சு போச்சு கண்ணு. அதைச் சொல்றதுக்கு உங்க மாமனுக்கு அந்தப் பேச்சுத்தான் கெடச்சுது" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நிற்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்தாள். துணியில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. மைத்துனர் கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

நுரையீரலில் நீர் கோத்த இந்த நிலையில் நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைத்தே கொண்டுபோக வேண்டும். அது எனக்குத் தெரியும். அவளை நிமிர்த்திப் பிடித்தபடியே நாமக்கல் வரை வந்தேன்.

மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சற்றுப் பொறுத்து மருத்துவர் வெளியே வந்தார். எப்போதிலிருந்து இப்படி என்றார். ஒரு வாரமாக என்றேன். பிறகு நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்டார்.

கார், என்று தொடங்கினேன். அவர் மீதியைக் கேட்க நிற்கவில்லை. உள்ளே யாரோ கூப்பிட, கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.