பெரியநாயகம் கிணறு ஸ்டாப்பு

வடகால் பக்கம் வெறும் முள்ளுக்காடாகக் கிடந்த காலத்தில், 1956-ல், அங்கே முதல் குடிசை போட்டவர்கள் பெரியநாயகமும் அவன் பெண்டாட்டி அன்னபுஷ்பமும்தான். அவன் தோண்டிய கிணற்றை நம்பிப் பின்னால் பத்துக் குடும்பங்கள் வந்தன. பஸ் விட்டபோது அந்த இடத்துக்குப் 'பெரியநாயகம் கிணறு' என்றே பெயர் விழுந்தது.

பெரியநாயகம் காய்ச்சலில் செத்துப்போனான். கிணறு உப்பானதும் பத்துக் குடும்பமும் வேலை தேடி மறைமலை நகருக்குப் போய்விட்டன. நீயும் வாயேன் என்று கூப்பிட ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பேச்சுத் துணைக்கு அன்னபுஷ்பத்துக்கு ஒரு கோழிகூட இல்லை.

தினமும் காலையில் ரோட்டுக்குப் போய்க் கை காட்டுவாள். பஸ் நிற்கும். ஏறமாட்டாள்.

ஒருநாள் கண்டக்டர் நாகப்பன் கத்தினான். "இன்னா ஆயா, வெளாட்றியா? ஏறாதவளுக்கு எதுக்கு பஸ்ஸு?"

"நீ நின்னு பேரு கூவுறல்ல, அதக் கேக்கத்தான்டா."

"ஆளு ஏறாத ஸ்டாப்ப எடுத்துடச் சொல்ட்டாங்க. நாளைலேர்ந்து நிக்காது."

புருஷன் கல்லறையில் நட்ட மரச்சிலுவையைக் கறையான் தின்று வருஷமாகிவிட்டது. மிச்சம் இருந்தது கண்டக்டர் வாயில் வரும் அந்தப் பெயர் ஒன்றுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"அடுத்த ஸ்டாப்புக்கு ஒண்ணு குடு."

"அங்க யாரு கீறாங்க உனுக்கு?"

"எவனும் இல்ல. எறங்கி நடந்து வருவேன். நாளைக்கும் ஏறுவேன். நீ பேர ஒழுங்கா கூவு."

நாகப்பன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். இரண்டு மைல் தாண்டி இறங்கியவள், வந்த வழியே வெயிலில் நடக்கத் தொடங்கினாள்.