ருவைஸிலிருந்து ஜப்பானியப் பொம்மைத் திருவிழாவுக்கு, சந்தேகத்தோடு

ஓசி என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். மார்ச் முதல் சனிக்கிழமை அபுதாபியில் ‘ஹினமத்சுரி’, அனுமதி இலவசம் என்று வாட்ஸப்பில் வந்தபோது, எதை விற்கப் போகிறார்களோ என்றுதான் நினைத்தேன். ஜப்பானில் பெண் பிள்ளைகளின் நலத்துக்காகப் பொம்மை அடுக்கிக் கொண்டாடும் நாள் அது. பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டாம்.

பக்கத்து ஃபிளாட் சுகந்திதான் நச்சரித்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே நர்சரி ஒன்றில் வேலை. “அங்க பொம்பிளை டாக்குத்தர்தானே அக்கா இருப்பா?” என்று இரண்டு முறை கேட்டாள். பொம்மை பார்க்கப் போகிறவளுக்கு டாக்டர் எதற்கு? உடம்புக்கு என்னவோ இருக்கிறது, மறைக்கிறாள் என்று பட்டது. கேட்டால் சிரித்து மழுப்பினாள்.

காலை 7.10க்கு ருவைஸிலிருந்து கிளம்பினோம். 240 கிலோமீட்டர், ஷேர் வண்டியில் ஆளுக்கு 50 திர்ஹம். டிரைவர் மதுரைக்காரர். “சும்மா கூப்புட்டு கிரீம் டப்பாவத் தலையில கட்டிருவாய்ங்கக்கா. ரெண்டு மணிக்கு டாண்ணு வண்டிய எடுத்துருவேன், பாத்துக்கங்க” என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

9.50க்கு மண்டபம். சிவப்புத் துணி விரித்த ஏழு படிகள், உச்சியில் ராஜா ராணி. நம்ம கொலுவேதான் என்று சுண்டலைத் தேடினேன். கலர் கலராக அரிசிப்பொரி கொடுத்தார்கள். எதற்கும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றேன்.

பெண் டாக்டர்தான். அறை முன்னால் நீள வரிசை. எங்கள் முறை நெருங்கியதும் சுகந்தி விலகி, “வாங்கோ அக்கா, வாகனம் போயிடும்” என்றாள். மணி பன்னிரண்டரைதான்.

வாசலருகே ஒரு ஜப்பானியப் பெண் கையளவு காகிதப் பொம்மைகளைத் தந்தார். உடம்பில் எங்கே உபத்திரவமோ அங்கே தடவி, தொட்டித் தண்ணீரில் விட்டால் நோய் அதோடு போய்விடும் என்பது அவர்கள் வழக்கமாம். நான் ஒப்புக்கு முழங்காலில் தடவினேன். சுகந்தி திரும்பி நின்று, துப்பட்டாவுக்குள் கைவிட்டு இடது மார்பில் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள்.

“என்ன அங்க?”

“ஒண்டுமில்லை அக்கா. ஒரு கட்டி. மூண்டு மாசமா இருக்கு. நோகேல்லை.”

“வீட்டுக்காரர்ட்ட சொன்னியா?”

“இல்லை. இந்தத் தண்ணியோட போனாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

வந்த கோபத்தில் பொம்மையைப் பிடுங்கினேன். “காகிதத்த நம்புவ, டாக்டர நம்ப மாட்டியா? நட!”

மறுபடி வரிசையின் கடைசியில் நின்றோம். வண்டி போய்விட்டது. 2.40க்கு டாக்டர் அவளைப் பார்த்து, ஸ்கேனுக்குக் கடிதம் எழுதினார். எதையும் விற்கவில்லை. பஸ்ஸில் திரும்பினோம், ஆளுக்கு 35 திர்ஹம். திங்கள்கிழமை ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். கேட்டதும் முதலில் அழுதது நான்தான்.

இப்படி ஒன்றுக்குப் போகிறவர்கள் திரும்பும் வண்டியை நேரம் பேசி வைக்காதீர்கள். இன்சூரன்ஸ் அட்டை கையில் இருக்கட்டும். முதலில் டாக்டர் வரிசையில் நில்லுங்கள், பொம்மைகள் சாயங்காலம் வரை இருக்கும்.

ஒன்றை மறைத்தால் நன்றாக இருக்காது. அன்று சுகந்தியைப் பார்த்து முடித்த டாக்டர், “நீங்கள் கடைசியாக எப்போது பரிசோதித்துக்கொண்டீர்கள்?” என்று என்னைக் கேட்டார். எனக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்படுகிற நான் என் உடம்பை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. இரண்டு மணிக்கே போய்விட்ட வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

வரும் வியாழன் பத்தரைக்கு எனக்கு அப்பாயின்ட்மென்ட். நிஜமாகவே போவேனா என்று சுகந்திக்குச் சந்தேகம். லீவு போட்டுக் கூட வருகிறாள்.