அம்மா காய்ச்சிய திராட்சரசம்

உலர்ந்த திராட்சை வெந்நீரில் ஊறி உப்பி, மெல்லிய தீயில் கொதிக்கத் தொடங்கும்போது ஒரு வாசனை எழும். பாயசம் வைக்கும் வீட்டில் அது எல்லோருக்கும் பிடித்த வாசனைதான். எனக்கு மட்டும் இந்த வயதிலும் அது மூக்கில் ஏறியதும் நாக்கின் அடியில் கசக்கிறது. திராட்சையைக் கண்டு முகம் சுளிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மருமகள் கேலி செய்கிறாள். அவளிடம் சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணி ஒரு சின்ன ஊர். பூக் கட்டுகிறவர்கள், சத்திரம் நடத்துகிறவர்கள், மொட்டை அடிக்கிறவர்கள், மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கள் என்று பாதி ஊருக்கு மலைமேல் இருந்த முருகன்தான் படியளந்தார். எங்கள் தெரு ஊருக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தெருவில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிற இந்துக்கள், மீதிப் பேர் எங்களைப்போல "வேதக்காரங்க", அதாவது கிறிஸ்தவர்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டும் உண்டு. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் ஞானஸ்நானம் எடுத்துச் சாலமோன் ஆனார். அவருடைய அக்கா, என் கன்னியம்மா அத்தை, கடைசிவரை கன்னியம்மாவாகவே இருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே "அரோகரா" என்று காவடியோடு மலையேறும். எங்கள் தெருக்காரர்களுக்கு மேலே இடமில்லாததால், அத்தை அடிவாரத்தில் ஒரு கல்லின் மேல் கற்பூரம் கொளுத்தி, அங்கிருந்தே மலையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவாள். அப்போதெல்லாம் நைனா எங்களிடம் சொல்வார்: "அங்க நம்மள ஏற வுடமாட்டாங்க. நம்ம சாமி நமக்காவ எறங்கி வந்தவரு."

அந்தப் பேச்சை நான் முழுசாக நம்பினேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வசனம் மனப்பாடம் செய்வேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பெண்ணாவது "வேதக்காரி" என்று உதட்டைச் சுழித்தால், பாவம், இதற்குச் சாமி இன்னும் கிடைக்கவில்லை என்று அவளுக்காகப் பரிதாபப்படுவேன். அவ்வளவு கர்வம் பிடித்த பக்தி எனக்கு.

எங்கள் கோயில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. மணிக்குப் பதிலாக வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. உள்ளே முன்பக்கம் பெஞ்சுகள், பின்பக்கம் கோரைப் பாய்கள். ஊருக்குள்ளிருந்து வேதத்துக்கு வந்த குடும்பங்கள் பெஞ்சில் உட்காரும், நாங்கள் பாயில். அப்படி யாரும் சட்டம் போட்டதாகத் தெரியவில்லை, ஆனால் "பெஞ்சிக்காரங்க", "பாய்க்காரங்க" என்று எங்கள் தெருவில் அதற்குப் பெயரே இருந்தது. மாதம் ஒருமுறை அரக்கோணத்திலிருந்து ரயிலில் போதகர் வந்து இராப்போஜனம் கொடுப்பார்; அப்பத்தை இயேசுவின் உடலாகவும் திராட்சரசத்தை அவர் ரத்தமாகவும் எண்ணி வாங்கிக்கொள்கிற சடங்கு அது. திராட்சரசத்துக்கு ஒரே ஒரு வெள்ளிப் பாத்திரம். எல்லோரும் அதிலேயே வாய் வைத்துக் குடிக்க வேண்டும் என்பதால் முதலில் பெஞ்சு, கடைசியில் பாய். நாங்கள் வாய் வைத்த பிறகு அதில் குடிக்க யாரும் மிச்சம் இருக்கக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். ஏன் இப்படி என்று நைனாவைக் கேட்டால், "பாத்திரம் ஒண்ணா, ரெண்டா? ஒண்ணுதான? அத பாரு" என்று முடித்துவிடுவார்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மெட்ராசிலிருந்து வரும் திராட்சரசப் பாட்டில் நின்றுபோனது. ஞாயிறுதோறும் ஆராதனை நடத்திய உபதேசியாரின் மனைவி, உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி ரசம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் பிரசவத்துக்கு மணவூரில் தாய்வீட்டுக்குப் போய்விட, உபதேசியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அம்மா மார்த்தாள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் சமையலறையில் வேலை செய்தவள். அவளுக்கு இந்தக் காய்ச்சும் பக்குவம் தெரியும். உபதேசியார் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மார்த்தாளம்மா, இனிமே நீங்கதான் ரசம் காய்ச்சிக் குடுக்கணும். இது உங்களோட இருக்கட்டும். பெஞ்சில யாருக்கும் தெரிய வேணாம்."

திராட்சை கடைத்தெருவில் முஸ்லிம் பாய் ஒருவரின் மளிகைக் கடையிலிருந்து வந்தது. ஒன்றும் கிடைக்காத அந்த நாட்களிலும் அவர் எங்கிருந்தோ ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருப்பார். "கோயில் காரியம்னா எடுத்துகினு போ தாயி. ஆனா இது சாராயம் ஆவாதே?" என்று ஒவ்வொரு முறையும் சந்தேகமாகக் கேட்பார். "அய்யய்யோ, இல்லீங்க பாய். காய்ச்சுன ரசந்தாங்க" என்று அம்மாவும் ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வாள்.

அதற்கென்றே ஒரு புதுச் சட்டி வாங்கினாள். காய்ச்சும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், யாரோடும் பேச மாட்டாள். வீடு முழுக்க வாசனை வரும். எனக்கோ வாயில் எச்சில் ஊறும். கரண்டியை வழித்து நக்கக்கூட விடமாட்டாள். "அது அவரு ரத்தம்டி" என்பாள். அப்படிக் காய்ச்சியவள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடித்த பிறகு, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும் என்று முழங்காலிட்டு நிற்பாள். ஒருமுறை ஆராதனை முடிந்து அம்மா பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது, பெஞ்சுக்காரர்களில் பெரியவரான சபை மூப்பர் உபதேசியாரிடம், "இந்த மாசம் ரசம் நல்லா இருந்துது. மெட்ராஸ் பாட்டில்கூட இப்பிடி இருந்ததில்ல" என்றார். அம்மா தலை நிமிரவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எனக்குத் திடப்படுத்தல் வந்தது. விவரம் தெரிந்த வயதில் சபை முன்னால் விசுவாசத்தை உறுதி சொல்கிற சடங்கு அது; அதை எடுத்தவர்களுக்குத்தான் இராப்போஜனம். மூப்பரின் மகளும் நானும் ஒன்றாகவே கேள்வி பதில் படித்தோம். நான் திணறும் இடத்தில் அவள் எடுத்துக் கொடுப்பாள். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை: நான் முதன்முதலில் குடிப்பது அவள் காய்ச்சிய ரசமாக இருக்க வேண்டும். அந்த மாதம் சட்டியைக் கழுவும்போதே அழுதாள்.

அந்த ஞாயிறு வந்தவர் புதிய போதகர், இளைஞர், எங்கள் ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாதவர். ரசம் எங்கிருந்து கிடைக்கிறது என்று அவர் விசாரித்திருக்கிறார். போதகரிடம் பொய் சொல்ல உபதேசியாருக்கு வாய் வரவில்லை. திடப்படுத்தல் முடிந்தது. போதகர் பாத்திரத்தைக் கையில் எடுத்துக் கண்ணை மூடி ஜெபித்தார். இந்தக் கஷ்ட காலத்திலும் உபவாசம் இருந்து இந்த ரசத்தை ஆயத்தம் பண்ணிக் கொடுக்கிற சகோதரி மார்த்தாளுக்காக ஸ்தோத்திரம் என்று, வாயார, மனமார நன்றி சொன்னார். ஆமென் என்று நாங்கள் சொன்னோம். பெஞ்சிலிருந்து சத்தம் வரவில்லை.

போதகர் வரும்படி அழைத்தார். பெஞ்சில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் ஜெபிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூப்பரின் மகள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாதி எழுந்தாள். அவளுடைய அம்மா தாவணியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. பாத்திரத்தோடு நின்று, இன்னொரு முறை அழைத்தார். சுவரோரம் நின்ற உபதேசியாரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்போது அம்மா என் கையைப் பிடித்து, "வா" என்றாள். பாயிலிருந்து எழுந்து, பெஞ்சுகளைத் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் போய் முழங்காலிட்டோம். அன்றைக்குத்தான் அந்தப் பாத்திரம் விளிம்பு வரை நிரம்பி எங்களிடம் வந்தது. இனிப்பாகத்தான் இருந்தது. என் நாக்கின் அடியில் மட்டும் கசந்தது.

பின்னாலேயே நைனாவும் தெருக்காரர்களும் வந்தார்கள். எல்லோரும் குடித்த பிறகும் பெஞ்சுக்காரர்களின் பங்கு அப்படியே மிஞ்சியது. இராப்போஜன ரசத்தைக் கொட்டக் கூடாது, மிச்சம் வைக்கவும் கூடாது. அந்த இளம் போதகர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மிச்சம் முழுவதையும் தாமே குடித்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து உபதேசியார் வந்து, இனிமேல் வேண்டாம், மூப்பர் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்கிறார்களாம் என்றார். சண்டை போடுவாள் என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரசத்துல எதுனா கொறைங்களா, ஐயா? புளிச்சிட்டிருந்துதா?" உபதேசியார் குனிந்தபடியே வாசலை விட்டு இறங்கிப் போய்விட்டார். அந்தச் சட்டியில் அம்மா வேறு எதையும் சமைக்கவில்லை. கவிழ்த்து வைத்தது கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. போதகரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அடுத்த இராப்போஜனத்தில் மேசைமேல் இரண்டு பாத்திரங்கள் இருந்தன, பெஞ்சுக்கு வெள்ளி, பாய்க்குப் பித்தளை. பாத்திரம் ஒன்றா இரண்டா என்று நைனா அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை.

சுதந்திரம் வந்த சமயத்தில் கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிடச் சட்டம் வந்தது. அந்த ஆடிக் கிருத்திகைக்குக் கன்னியம்மா அத்தை மஞ்சள் புடவை கட்டி, பூக்காவடி எடுத்து, படியேறிப் போனாள். திரும்பி வந்தவள் வீங்கின காலை நீட்டி எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நெற்றி நிறைய விபூதியோடு சிரித்தாள். "உங்க சாமி எறங்கி வந்தாரு, எறங்கி வந்தாருன்னு உங்க நைனா சொல்லிகினே கெடந்தான். நான் ஏறியே போய்ப் பாத்துட்டு வந்துட்டேண்டி. நீங்க இன்னும் பாயிலதான குந்திகினு கீறீங்க?"

நைனா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அம்மாதான் மெதுவாகச் சொன்னாள்: "அவருக்கே கடைசியில காடியத்தான் குடுத்தாங்க, அண்ணி. எனக்கு ரசமாச்சும் குடுக்கறாங்களே."

அதைக் கேட்டு அத்தை நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சிலுவையில் தொங்கியவர் தாகம் என்றபோது புளித்த காடி கொடுத்தவர்கள் அவரைப் பகைத்தவர்கள். எங்களுக்குப் பித்தளைப் பாத்திரம் வாங்கியவர்கள் எங்களோடு கண்ணை மூடி ஜெபித்தவர்கள். இரண்டையும் ஒன்றாக்கி மன்னித்துவிட அம்மாவால் முடிந்தது. என்னால் முடியவில்லை. ஆனாலும் நான் கோயிலை விட்டுப் போகவில்லை. அவர்களுக்காக நான் ஏன் போக வேண்டும்? விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பரிசுத்தவான்களின் ஐக்கியம், அதாவது விசுவாசிகள் எல்லோரும் ஒன்று என்பதை நம்புகிறேன் என்கிற வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன், இன்றுவரைக்கும். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்றுக் கொடுத்ததும் அதே கோயில்தானே.

இப்போது அந்த ஓட்டுக் கட்டடம் இல்லை. வேப்பமரமும் தண்டவாளத் துண்டும் போய்விட்டன. காங்கிரீட் கோயிலில் எல்லோருக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். வெள்ளிப் பாத்திரம் ஒரு கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. பித்தளைப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அப்படி ஒன்று இருந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. ரசம் கடையிலிருந்து பாட்டிலில் வருகிறது. ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, தட்டில் அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். சுத்தமாக இருக்கிறது என்று மருமகள் மெச்சிக்கொள்கிறாள். சுத்தம்தான். யார் வாய் வைத்ததிலும் யாரும் குடிக்க வேண்டாம்.

போன ஞாயிறும் என் பங்குக் குவளையை எடுத்துக் குடித்தேன். எங்கள் கோயிலில் ஐக்கியம் என்ற ஒன்று என்றைக்காவது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தால், இருந்தது. அம்மா காய்ச்சியது என்று தெரியாமல், நல்லா இருக்கிறது, நல்லா இருக்கிறது என்று எல்லோரும் குடித்தார்களே, அந்தச் சில மாதங்கள் இருந்தது.