‘இந்த அறையைத் தாண்டாது’ என்றார்கள்

மூன்று வருடங்களுக்கு முன், மும்பை செம்பூரில் நான் வேலை பார்த்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் பாதி என் மேலேயே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் பதில் சொல்லும் குழுவுக்கு நான் பொறுப்பு. அதில் தாராவியிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எப்பேர்ப்பட்ட கோபக்காரர் போனில் வந்தாலும் ஐந்தே நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவாள். ஒப்பந்தத்தில் சேர்ந்தவள், அந்த வருடம் வேலை நிரந்தரமாக வேண்டியது.

கர்ப்பமாக இருந்தவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. விடுப்பு முடிந்து வந்தவள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் போனில் பின்னால் எங்காவது குழந்தை அழும் சத்தம் கேட்டால் கை நடுங்கும். பேசி முடித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊழியர்களுக்காக ஒரு மனநல ஆலோசகரை வைத்தார்கள். அவருக்குத் தனி அறை, மெத்தை நாற்காலி. ‘இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது’ என்று கதவில் பெரிய போஸ்டர். அவள் தயங்கினாள். நான்தான் விடவில்லை. “மனசு விட்டுப் பேசிட்டு வா, யாருக்கும் தெரியாது” என்று அனுப்பினேன். மூன்று முறை போனாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் மனிதவள அதிகாரி எங்களைப் போன்ற பொறுப்பாளர்களை மட்டும் மீட்டிங்குக்கு அழைத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே பட்டியல். அதில் என் குழுவிலிருந்து மூன்று பெயர்கள். அவள் பெயரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். குழந்தை இறந்தது, கை நடுக்கம், பாத்ரூமில் அழுவது எல்லாம் ஒரே வரியில். அதன் கீழே, ‘நிரந்தரம் இப்போது வேண்டாம். போன் இல்லாத வேலைக்கு மாற்றவும்.’

அதிகாரி இனிக்க இனிக்கப் பேசினார். எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தானாம். டென்ஷன் இல்லாத இடத்தில் உட்கார வைக்கிறார்களாம். ஆனால் அந்தத் தாளில் இருந்தது ஆலோசகரிடம் போனவர்களின் பெயர்கள் மட்டும்தான். வாயைத் திறக்காமல் உள்ளுக்குள் புழுங்கியவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள். நம்பிப் பேசியதற்குத் தண்டனை!

நான் என்ன செய்தேன்? எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாளே அவளைப் பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். மத்தியானம் என்னைத் தேடி வந்தாள்.

“அந்த ரூம்ல சொன்னது வெளிய போகாதுன்னு நீங்கதானக்கா சொன்னிய?”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மீட்டிங்கில் நடந்ததைச் சொல்லி, தாளைக் கொடுத்தேன். படித்தாள். அழவில்லை.

“எம் புள்ள செத்தத இத்தன பேரு படிச்சிருக்காவளா?” என்று மட்டும் கேட்டாள்.

நேராக ஆலோசகரிடம் போனேன். சின்ன வயதுப் பெண், அவரும் தமிழ்தான். “கம்பெனிதான் எனக்குச் சம்பளம் கொடுக்குது மேடம். ரிப்போர்ட் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?” என்றார்.

“அப்போ கதவுல ஏன் அப்படி எழுதி ஒட்டினீங்க?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவள் சம்மதத்தோடு தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். போஸ்டரின் போட்டோவையும் அந்தத் தாளின் நகலையும் இணைத்தோம். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, “ஆப்கா பி பிரமோஷன் ஹை நா, மேடம்?” என்று சிரித்தார். உனக்கும் பதவி உயர்வு வரவேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் புகாரைத் திரும்பப் பெறவில்லை.

இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு பட்டியலை ரத்து செய்தார்கள். அவள் மறுபடி போனுக்கு வந்தாள், வேலையும் நிரந்தரமானது. ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ‘தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாடு’ என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். என்னமோ தபால் தவறிப் போன மாதிரி! அந்த அதிகாரி அதே நாற்காலியில்தான் இருந்தார். எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை.

அதன் பிறகு ஐந்து மாதம் அவள் தன் துக்கத்தைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஒருவழியாக அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். வெளியே வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“டாக்டரு என்ன எழுதுதாருன்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டேதான்க்கா பேசினேன்.”

இப்போதெல்லாம் யாரிடமும் ‘மனசு விட்டுப் பேசு’ என்று அத்தனை சுலபமாக நான் சொல்வதில்லை. பேசியதால் அவர்களுக்கு ஒரு கேடு வந்தால், தலையாட்டாமல் பக்கத்தில் நிற்கும் துணிவு எனக்கு இருக்கிறதா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.