குவாலிக் கடைப் பரீட்சை

எனக்குச் சீனம் தெரியும் என்று எங்கள் குடும்பமே நம்பிய நாள் ஒன்று உண்டு. அன்று பயந்ததுபோல் அதற்குப் பிறகு நான் எதற்கும் பயந்ததில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. ரவாங்கில் ஒரு சீனப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை செய்தார்கள். என்னைச் சீனப்பள்ளியில் சேர்த்தது அம்மாவின் பிடிவாதம். அப்பாவின் அக்காவான என் அத்தை அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அங்க போட்டு புள்ளைக்கு என்னா வரப்போவுது? எங்கிட்ட விடுங்க, இங்க தமிழ்ப்பள்ளியில படிக்கட்டும்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். சுங்கை ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் எஸ்டேட் ஓரமாக அவர் வீடு. அவருக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். ஆகவே பெண்ணான என்மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தை நினைத்தாலே எனக்குக் கிலி பிடிக்கும்.

அந்த ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு நாங்கள் போனபோது, பூப்போட்ட புது மெத்தை ஒன்று சுவரோரமாகச் சாத்தியிருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "ரெண்டு வருஷமாச்சு. புள்ளைக்குச் சீனம் ஏறலன்னா அக்காகிட்டயே விட்டுடலாம். நாம ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுறோம், பாக்க ஆளு வேணாமா?" என்று அப்பா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை டவுனில் ஒரு சீனக் கடைக்குப் போனோம். மலிவு விற்பனை. உள்ளே மூங்கில் ஆவிக்கூடைகளும் மண்சட்டிகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. வாசலில் சீனப் பெருநாளுக்கான சிவப்புச் சட்டைகள் தொங்கின. அத்தைக்குப் பலகாரம் சுட, இரண்டு காது வைத்த பெரிய இரும்புக் குவாலி வேண்டும். அந்த மாதிரிச் சட்டியைச் சீனர் கடையில்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சொன்ன விலைக்கு வாங்கக்கூடாது என்பது இன்னொரு கொள்கை.

காரிலேயே திட்டம் போட்டுவிட்டார். "நம்மகிட்ட ஒரு வெல சொல்லிட்டு, அவங்களுக்குள்ள வேற ஒண்ணு பேசிக்குவாங்க லா. இப்பதான் நம்ம வீட்டுலயே சீனம் படிச்ச ஆளு இருக்கே! இவ வாயத் தொறக்காம கேக்கட்டும்." கடைக்காரர்கள் இன்னும் குறைப்பதாகப் பேசினால் நான் அம்மாவின் கையை அழுத்த வேண்டும். குறைக்க முடியாது என்றால் கையை விட்டுவிட வேண்டும். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னைக்குத் தெரிஞ்சிடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அது சிரிப்பாகப் படவில்லை.

அப்பா வாசலில் நின்றுகொண்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை குவாலியைக் கவிழ்த்து, தட்டி, அதில் இல்லாத துருவையெல்லாம் தேடினார். கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய விலையில் பாதியை அத்தை மலாயில் சொன்னார். கடைக்காரர் நெஞ்சில் கைவைத்தார். பிறகு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஏதோ சொன்னார். மனைவி நீளமாகப் பதில் சொன்னார்.

எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

எண்களாவது பிடிபடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இரண்டும்கூட எங்கள் ஆசிரியை சொல்லித்தந்த மாதிரி இல்லை. அப்படியானால் இரண்டு வருடமாக நான் எதையும் படிக்கவில்லை. பள்ளியில் போட்ட மதிப்பெண்ணெல்லாம் பாவம் பார்த்துப் போட்டது. பூப்போட்ட மெத்தை கண்முன் வந்து நின்றது. இனி அம்மாவை விடுமுறைக்கு விடுமுறைதான் பார்க்க முடியும்.

"என்னா சொல்றாங்க?" என்றார் அத்தை, குவாலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதையாவது ஒன்றைச் செய்து தப்பித்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்று விரல் அசையவில்லை. பிடித்திருந்த கை நனைந்து வழுக்கியது, லேசாக நடுங்கியது.

"இன்னும் குறைப்பாங்களாம் அண்ணி. விடாதீங்க" என்றார் அம்மா.

என் நடுக்கத்தை அழுத்தல் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்! அத்தை கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று நடந்தார். கூப்பிடுவார்கள் என்று நடக்கிற நடை அது. கூப்பிடவில்லை. சிவப்புச் சட்டைகளைத் தாண்டினோம். அப்பாவைத் தாண்டினோம். கார் வரைக்கும் வந்துவிட்டோம். அத்தை கதவில் கைவைத்தபடி திரும்பி, "சரியாத்தான் கேட்டியா புள்ள?" என்றார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

"அச்சி! மாரி, மாரி லா!" கடைக்காரரின் மனைவி வாசலுக்கு வந்து, வாங்க வாங்க என்று மலாயில் கையாட்டி அழைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை கேட்ட விலைக்கே குவாலி கிடைத்தது. பூரித்துப்போய், பள்ளிப் பெருநாள் விழாவுக்கென்று எனக்கு ஒரு சிவப்புச் சட்டையும் பேரம் பேசி எடுத்தார். கடைக்காரரின் மனைவி கழுத்துப்பட்டிப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, எந்த வகுப்பு என்று என்னிடம் கேட்டார். சீனத்தில்தான் கேட்டார், அதுவும் எங்கள் ஆசிரியை பேசுகிற சீனத்தில்! இவ்வளவு நேரம் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. பதில் சொன்னேன். அத்தை அப்பாவைப் பார்த்தார், அப்பா தலையாட்டினார். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்து மறுபடியும் புரியாத பேச்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கழுத்துப்பட்டி இறுக்கியது. என் குட்டு வெளிப்பட்டுவிட்டது, இப்போது மலாயில் சொல்லிவிடுவார் என்று பொத்தானைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சொல்லவில்லை.

மெத்தை அத்தை வீட்டிலேயே இருந்தது, நான் அம்மாவுடன் ரவாங்குக்குத் திரும்பினேன். அதன் பிறகும் வெகுநாள் அத்தையின் ஃபோன் வந்தாலே நெஞ்சு படபடக்கும். தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் குவாலியில் முறுக்கு சுட்டுக்கொண்டே, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் என் சீனப் புலமையைச் சொல்வார். நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

அந்தப் பக்கத்துச் சீனர்கள் வீட்டில் பேசுவது தியோச்சூ, பள்ளியில் படிப்பது மண்டரின், ஒன்று தெரிந்தால் மற்றது புரியாது என்பது இடைநிலைப்பள்ளித் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. பயத்துல கை நடுங்குச்சு, நீங்க அழுத்துறேன்னு நெனச்சிட்டீங்க!"

அம்மா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ எங்க நடுங்குன? மரக்கட்டையாட்டம் நின்ன. நடுங்குனது என் கை."

அந்தக் கடையில் பயந்துகொண்டு நின்றவள் நான் ஒருத்திதான் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.