இது எந்த வியாதிக்கு ஊர்வலம்?

"ஏம்மா, இது எந்த வியாதிக்கு?"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்கவில்லை. வாசலில் கழுவி அடுக்கியிருந்த கிளாஸ்களை மெல்ல உள்ளே நகர்த்தி வைத்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? எங்கள் பக்கம் டி-ஷர்ட் போட்டு, பேனர் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒன்று காசநோய், இல்லையென்றால் எய்ட்ஸ். மழைக்காலமாக இருந்தால் டெங்கு. ஆற்றில் தண்ணீர் விடச் சொல்லி நடப்பவர்கள் தோளில் பச்சைத் துண்டு கிடக்கும். எங்களிடம் அதுவும் இல்லை. அப்படியென்றால் வியாதிதானே?

"வியாதி இல்லண்ணே. டிஸ்லெக்சியான்னு பேரு. சில பிள்ளைங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கறது கஷ்டமா இருக்கும். புத்தியில ஒரு கொறையும் கிடையாது. அவங்களுக்குத் தனியா டீச்சர் வைக்கணும்னு நிதி திரட்டுறோம்."

"ஒட்டுமா?"

"ஒட்டாதுண்ணே."

"அப்ப சரி" என்று உண்டியலில் பணமும் போட்டார். கிளாஸ்கள் மட்டும் வெளியே வரவில்லை.

இந்த நடைபயணத்துக்கு வாருங்கள் என்று இதே பக்கத்தில் உங்களை அழைத்திருந்தேன். 'வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?' என்று வீராவேசமாக எழுதியது நினைவிருக்கும். பாபநாசத்திலிருந்தெல்லாம் வந்திருந்தீர்கள். நன்றி. ஆனால் என் சொந்த வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவர நான் பட்ட பாடு இருக்கிறதே...

என் அக்கா மகள் ஜெனி. ஒன்பதாம் வகுப்பு. பாடத்தை ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வாள். அதே பாடத்தைப் புத்தகத்தில் படிக்கச் சொன்னால் உள்ளங்கை வியர்த்துவிடும். வகுப்பில் வரிசையாக எழுப்பிப் படிக்கச் சொல்லும்போது, முன்னால் இருக்கும் தலைகளை எண்ணித் தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடிப்பாள். பக்கத்துப் பெண்ணைக் காதில் ஓதச் சொல்லி மனப்பாடம் செய்துவிடுவாள். நடுவில் யாராவது லீவு போட்டிருந்து கணக்குத் தப்பினால் போச்சு! இத்தனை வருஷம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறாள் என்பது தஞ்சாவூர் டாக்டர் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

என் அக்கா ஸ்டெல்லா நடவு வேலைக்குப் போகிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்? இரண்டாவது ஜெனி. அவள் அப்பா குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அந்தச் சம்பளத்தில்தான் இங்கிலீஷ் மீடியம்.

ஜெனியை அழைத்துப்போகிறேன் என்றதும் அக்கா பதறிவிட்டாள்.

"ஊர்வலத்துல நடந்தா ஊருக்கே தெரிஞ்சுடும்டி. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? 'அந்தப் பொண்ணுக்கு ஏதோ இருக்காம்'னு ஒருத்தி சொன்னா போதும். மிச்சத்த ஊரு சேத்துக்கும்."

"நான் வர்றேன் சித்தி" என்றாள் ஜெனி. அவ்வளவுதான் சொன்னாள். வாயைத் திறந்து அதிகம் கேட்காத பிள்ளை கேட்டால் யார்தான் மறுப்பது? அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சர்ச்சில் முதல் பூசை முடிந்து, நடை புறப்படும் மைதானத்துக்குப் போனோம். டி-ஷர்ட்டில் இரண்டு கலர். உடன் நடப்பவர்களுக்கு வெள்ளை. குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு, அதுவும் விருப்பம் இருந்தால் மட்டும், மஞ்சள். "உனக்கு எதும்மா?" என்று கேட்டார்கள். வெள்ளை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி மஞ்சளை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டாள்.

ஏன் வெள்ளை சொல்லப் பார்த்தேன் என்று சொல்கிறேன். பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றவர், ஜெனி படிக்கும் பள்ளியின் தாளாளர். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளி வாசலில் வருஷா வருஷம் ஃபிளெக்ஸ் மாறும், வாசகம் மாறாது: 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி!' எப்படி முடிகிறது? ஊருக்கே தெரியும். தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பிலேயே கூப்பிடுவார்கள். உட்காரவைத்து காபி கொடுப்பார்கள். கூடவே டி.சி.யும் கொடுப்பார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் ஓர் அம்மா அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தாள். அவள் மகள் இப்போது நடவுக்குப் போகிறாள்.

கடைத்தெரு தாண்டியதும் தாளாளர் திரும்பிப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். சிரித்தார்.

"நம்ம நயன்த் ஸ்டாண்டர்ட் பொண்ணுதானே? வெரிகுட்!" என்று தட்டிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மாவ நாளைக்கு வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அதற்கப்புறம் ஆற்றங்கரை வரை நான் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. மைக்கில் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள்... ஒன்றும் காதில் ஏறவில்லை. ஜெனியோ இன்னொரு மஞ்சள் டி-ஷர்ட்டோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "சித்தி, இவளும் தலையை எண்ணுவாளாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"கூப்பிட்டுட்டாரா?" என்றாள். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி... நாளைக்கு நான் தனியா அந்த ரூமுக்குள்ள போயி, அவரு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசுனா, எங்க கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வச்சுட்டு வந்துடுவேன்."

"நான் கூட வர்றேன்க்கா."

"நீயே நடுங்குற."

உண்மைதான். இத்தனை எழுதுகிறேனே, என்ன பிரயோஜனம்?

அக்கா எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அக்காவின் நடவு கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. 'அந்தப் பொம்பள மெதுவா நடுறா, அவள விட்டுட்டு வாங்க' என்று வயல்காரர் சொன்னால், யாரும் அந்த வயலில் இறங்க மாட்டார்கள். சண்டை போடவும் மாட்டார்கள். எல்லோருமாகப் போய் அவர் வீட்டு முன்னால் நிற்பார்கள். வந்தால் எல்லோரும்; இல்லையென்றால் யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலை, கோஷ்டி மொத்தமும் பள்ளிக்கூடம் போனது. எல்லோரும் சேலைக்கு மேல் வயலுக்குப் போடும் முழுக்கைச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. "இத்தனை பேர் போனா அவருக்குக் கோபம் வந்துடுமேக்கா" என்று புலம்பிக்கொண்டே பின்னால் போனேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அம்மாக்கள் ஸ்கூட்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். தாளாளரே வெளியில் வந்துவிட்டார்.

"எதுக்கும்மா இத்தனை பேரு?"

"நேத்து நீங்க நடந்தீங்கல்ல சார்... இன்னிக்கு நாங்க நடந்து வந்தோம்" என்றாள் அக்கா.

அவர் கேட்டைப் பார்த்தார், ஸ்கூட்டிகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அட, நான் பொண்ணப் பாராட்டத்தாம்மா கூப்பிட்டேன்!"

"அப்படிங்களா சார்? ரொம்ப சந்தோஷம். இங்கயே பாராட்டுங்க. இவங்களும் கேக்கட்டும்."

வேறு வழி? பாராட்டினார். ஜெனி பத்தாவதும் இங்கேதான் படிப்பாள், டாக்டர் சர்டிபிகேட்டை வைத்துப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டுப் பள்ளியே எழுதிப்போடும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சொன்னதைச் செய்வாரா? பரீட்சை முடியட்டும், இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

கேட்டைத் தாண்டியதும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பயமா இருந்துச்சாக்கா?"

"இப்பவும் இருக்குடி. அதுக்குன்னு நின்னுக்கிட்டே இருக்க முடியுமா? பறிச்சுப் போட்ட நாத்து வாடிப்போயிடும்" என்று சொல்லிவிட்டு, வயல் பக்கம் எட்டி நடந்தாள்.