ரவி ஆற்றிய தேத்தண்ணீர்

அசையாத கைகால்களை அசைய வைப்பதுதான் பிசியோதெரபி என்று ஊர் நினைக்கிறது. அசைவதை நிறுத்த முடியாதவர்களும் எங்களிடம்தான் வருகிறார்கள். இந்தத் தொழிலில் அவதிப்படுகிறவர்களே, உங்கள் அறைக்கும் ஒரு ரவி வந்திருப்பான்.

சாமி வந்த கை

ரவி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து இளைஞன். கண்டி பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் தேத்தண்ணீர் ஊற்றுபவன். ஐஸ் என்னும் போதைப்பொருளைப் பாவித்ததில் கை தானாக வீசும், தோள் குலுங்கும், தாடை அரைத்துக்கொண்டே இருக்கும். அவன் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் காரணம் தெரியாது. கோயில் திருவிழா மேளத்தில் அவன் குலுங்கியதும், சாமி வந்துவிட்டதென்று மாலை போட்டு, மகளுக்கு எப்போது கல்யாணம் என்று ஒருவர் குறி கேட்டிருக்கிறார்.

"தை மாசம்னு சொல்லிட்டேன் மிஸ். வேற என்னத்தச் சொல்ல?"

தரையெல்லாம் தண்ணீர்

ஐஸை விட்டால் ஆட்டம் மெல்லக் குறையும் என்று டொக்டர் மருந்து கொடுத்தார். ரவியின் பயம் வேலையைப் பற்றியது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கை சரியாகாவிட்டால் வேறு ஆள் வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். பந்தைப் பிடிக்கச் சொன்னால் கை இன்னும் ஆடியது. ஆகவே இரண்டு கோப்பைகளைக் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துப் பச்சைத் தண்ணீரை ஆற்றச் சொன்னேன். பழகிய வேலை என்பதால் பாதி கோப்பைக்குள் விழுந்தது. தரையில் கொட்டிய மீதியைத் துடைத்த, எங்கள் அறையைக் கூட்டித் துடைக்கும் செல்வியக்கா சொன்னார்:

"இவருக்குக் கை சரியாகுறதுக்குள்ள எனக்கு இடுப்புப் போயிரும். அப்புறம் என்னையும் நீங்கதான் பாக்கணும், மிஸ்."

காட்டிக்கொடுத்தது

கை அடங்கி வந்த நேரத்தில், ஒரு நாள் கோப்பையே சுவரில் போய் மோதியது. துண்டுகளை அவனே பொறுக்கினான். பழைய கூட்டாளி ஒருவன் ஐஸ் பாவிக்கக் கூப்பிட்டானாம், போனானாம்.

"நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி இந்தக் கை போட்டுக் குடுத்துருது, மிஸ். டொக்டர்கிட்டயும் சொல்லிருங்க."

அவனையே சொல்ல வைத்தேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

முதலாளியின் கோப்பை

பெருநாளுக்கு முந்திய நாள் கடைக்குப் போனேன். முதலாளி தனக்கே ஒரு பால் தேத்தண்ணீர் கேட்டிருந்தார். ரவி முழங்கையை ஒட்டிவைத்து, கோப்பைகளை அதிகம் விலக்காமல் ஆற்றினான். தோள் ஒருமுறை குலுங்கியது; முதலாளி உடுத்திருந்த சாரத்தில் கொஞ்சம் தெறித்தது. முதலாளி அதைப் பார்த்தார், ரவியைப் பார்த்தார், குடித்து முடித்தார்.

"பெருநாள் கழிஞ்சி வெள்ளனவே வா. சீனிதான் கூட ஈக்கி." சீனி கூடிவிட்டது என்பது மட்டும்தான் அவர் சொன்ன குறை.

பிசியோதெரபி என்றால் என்னவென்று யாராவது கேட்டால், பாதி தரை துடைப்பது, மீதி மறுபடி தண்ணீர் நிரப்பிக் கொடுப்பது என்றுதான் இப்போது சொல்கிறேன்.